இருபது என்றால் எத்தனை?

"இருபது" என்று ஒருவர் உங்களிடம் வந்து சொன்னால் உங்களுக்கு என்ன புரியும்?

ஒன்றும் புரியாது. இருபது ரூபாயா, இருபது மாம்பழமா, இருபது மைலா என்று திருப்பிக் கேட்பீர்கள். அப்படிக் கேட்கிற வரையில் கவலை இல்லை. கேட்காமலே தலையை ஆட்டிவிட்டுப் போகிற ஆசாமிகளைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

எங்கள் வீட்டில் மாதம் பிறந்தால் மளிகை ஜாபிதா எழுதப்படும். "துவரம் பருப்பு 2, மிளகு 100, நல்லெண்ணெய் 1, பெருங்காயம் 1" என்று என் மனைவி எழுதிக் கொடுப்பாள். பருப்பு கிலோக் கணக்கு, மிளகு கிராம் கணக்கு, எண்ணெய் லிட்டர், பெருங்காயம் டப்பா. ஜாபிதாவில் இதெல்லாம் ஒரு வார்த்தை கிடையாது. இருந்தாலும் மளிகைக் கடைக்காரர் ஒரு மாதமாவது 100 கிலோ மிளகை வண்டியில் ஏற்றி எங்கள் வீட்டு வாசலில் இறக்கியதில்லை. எழுதாமல் விட்டதை அவருடைய அநுபவம் பூர்த்தி செய்து கொள்கிறது.

கம்ப்யூட்டருக்கும் இதே மாதிரி ஒரு ஜாபிதா உண்டு. ஆனால் அந்த அநுபவம் மட்டும் அதற்குக் கிடையாது. மிளகு 100 என்று எழுதினால் 100 மூட்டை அனுப்பிவிட்டு, "காரியம் முடிந்தது" என்று சந்தோஷமாகச் சொல்லிவிடும். இந்த ஜாபிதாவைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். கம்ப்யூட்டர் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது கூலியைப் பற்றிய சமாசாரம். கூலி எல்லாருக்கும் புரியும்.

*

முதலில், அந்த ஜாபிதா எதற்கு?

ஒரு கல்யாணச் சமையல்காரரை எடுத்துக் கொள்ளுங்கள். சாம்பார் வைக்கிற முறை அவருக்கு மனப்பாடம். கும்பகோணத்திலும் அதே சாம்பார்தான், காஞ்சீபுரத்திலும் அதே சாம்பார்தான். ஆனால் எந்த மண்டபம், எத்தனை இலை, முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்பவை ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மாறும். அவற்றை ஒரு காகிதத்தில் எழுதி அவர் கையில் கொடுக்கிறோம். அந்த விவரங்களை அவர் கரண்டியின் மேல் பொறித்து வைத்துக் கொண்டால் என்ன ஆகும்? கல்யாணத்துக்குக் கல்யாணம் புதுக் கரண்டி வாங்க வேண்டியதுதான்!

கம்ப்யூட்டர் புரோகிராமும் அப்படியே. சம்பளக் கணக்குப் போடுகிற புரோகிராம் ஒன்று கும்மிடிப்பூண்டியிலும் ஓடும், ஓசூரிலும் ஓடும். போடுகிற கணக்கு ஒன்றுதான். ஷிப்ட் நேரம், தகவல் சேமிக்கிற கம்ப்யூட்டரின் விலாசம், அதன் ரகசியச் சொல் ஆகியவை மட்டும் ஊருக்கு ஊர் வேறு. ஆகவே அவற்றைப் புரோகிராமுக்குள் எழுதாமல் வெளியே ஒரு தனி ஜாபிதாவில் எழுதி வைக்கிறார்கள். "கான்ஃபிகரேஷன் பிராப்பர்ட்டீஸ்" என்று அதற்கு நீளமான பெயர். ஹெரோக்கு என்ற கம்பெனியைச் சேர்ந்த ஆடம் விக்கின்ஸ் என்பவர் 2011ஆம் வருஷத்தில், நல்ல இணையப் புரோகிராமுக்கு வேண்டிய லட்சணங்கள் பன்னிரண்டு என்று எழுதினார். அந்தப் பன்னிரண்டில் ஒன்று இது: அமைப்பு விவரங்கள் புரோகிராமுக்கு வெளியே இருக்க வேண்டும்.

நல்ல யோசனைதான். ஆனால் வெளியே வைத்த ஜாபிதா உள்ளே வந்து சேருவதற்கு ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலில் யார் நிற்கிறார், என்ன கேட்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

*

என் தொழில் இப்படிப்பட்ட புரோகிராம்களை எழுதுவது. பிறர் எழுதியவற்றைப் பழுது பார்ப்பதும் உண்டு. அந்தத் தொழில் நிமித்தமாக 2022ஆம் வருஷத்தில் கும்மிடிப்பூண்டிக்கு அடிக்கடி போய் வந்தேன்.

கும்மிடிப்பூண்டி திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடி. 1997ல் பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்த மாவட்டம் இது. சென்டிரலிலிருந்து கூடூர் மார்க்கத்தில் 50 கிலோ மீட்டருக்கு உட்பட்ட தூரம். பொன்னேரி தாண்டி, கவரப்பேட்டை தாண்டினால் கும்மிடிப்பூண்டி. அதற்கப்புறம் எளாவூர், ஆரம்பாக்கம். அதோடு தமிழ்நாடு முடிந்து ஆந்திரா ஆரம்பம். 1971ல் ஏற்பட்ட சிப்காட் நிறுவனம் இங்கே தொழிற்பேட்டை அமைத்தது. கல்கத்தா நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் பக்கத்திலேயே இருப்பதால் இரும்பு உருக்குகிறவர்கள், கம்பி இழுக்கிறவர்கள், வார்ப்படம் வார்க்கிறவர்கள் என்று எத்தனையோ தொழிற்சாலைகள் வந்து சேர்ந்தன. காலை லோக்கல் ரயில் வந்து நின்றதும் ஸ்டேஷன் வாசலில் பார்க்க வேண்டும்: ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, ஒரு கையில் ஹெல்மெட், ஓட்டமும் நடையுமாக ஒரு பெருங் கூட்டம்.

அந்த ஓட்டத்துக்குக் காரணம் உண்டு. ரயில் தாமதமாவது ஓட்டமாக ஓடுகிறவர்களின் குற்றம் அல்ல. கடக்கிற எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு லோக்கல் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர் என்ன செய்ய முடியும்? இது தெரிந்துதான் நான் சென்ற தொழிற்சாலையில் ஒரு சலுகை வைத்திருந்தார்கள். 8 மணி ஷிப்டுக்கு 8 மணி 20 நிமிஷம் வரையில் வாசல் யந்திரத்தில் விரல் வைக்கலாம். அதைத் தாமதமாகக் கணக்கிட மாட்டார்கள். மாதம் முழுவதும் தாமதமில்லாமல் வருகிறவர்களுக்கு 1,000 ரூபாய் அட்டெண்டன்ஸ் போனஸ். மூன்று தடவை தாமதமானால் அந்த மாதத்துப் போனஸ் போச்சு.

அந்த வருஷம் ஜூன் மாதத்தில் பழைய வருகைப் பதிவுப் புரோகிராமை எடுத்துவிட்டுப் புதியது போட்டிருந்தார்கள். போட்டவர்கள் வேறொரு கம்பெனிக்காரர்கள். ஜூலை முதல் வாரம் சம்பளம் வந்தது. 41 பேருக்கு போனஸ் வரவில்லை.

ஜூன் மாதம் என்ன மாதம் என்று குழந்தை குட்டி உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நோட்டுப் புத்தகம், யூனிபாரம், செருப்பு, பஸ் கட்டணம் எல்லாம் கடனில் வாங்கி, போனஸ் வந்ததும் கொடுத்துவிடலாம் என்று இருக்கிற மாதம். பொன்னேரிப் பக்கத்திலிருந்து வருகிற பிட்டர் ஒருவர் டைம் ஆபீஸ் ஜன்னலைப் பிடித்துக் கொண்டு நின்றார். சத்தம் போடவில்லை. அதுதான் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"அண்ணே, மூணு நாளும் எட்டு அஞ்சுக்குள்ளே விரல் வெச்சுட்டேன். இருபது நிமிஷம் டைம் இருக்குதுன்னு போர்டுலே போட்டிருக்கே?" என்றார்.

டைம் ஆபீஸ் பெரியவர் கணக்கைப் புரட்டினார். "ஆமாப்பா. ஆனா மிஷின் லேட்டுன்னு சொல்லுதே. நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

"மிஷின் பொய் சொல்லுமா?" என்ற கேள்வி இருவர் முகத்திலும் இருந்தது. யந்திரத்தை நம்பி நம்பி, நம் கண்ணால் பார்த்ததையே நாம் சந்தேகிக்க ஆரம்பித்துவிட்டோம் அல்லவா?

*

வேறு வேலையாகப் போயிருந்த என்னை, "இதைக் கொஞ்சம் பாருங்களேன், சார்" என்று கூப்பிட்டார்கள். பார்த்தேன்.

ஜாபிதாவில் ஒரு வரி இருந்தது: "அட்டெண்டன்ஸ்.கிரேஸ்=20".

"சரியாத்தானே சார் இருக்கு? இருபதுன்னு போட்டிருக்கே!" என்றார் பெரியவர்.

"இருபது என்ன?" என்றேன்.

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "இருபது நிமிஷந்தான். வேறென்ன இருபது?"

அங்கேதான் விஷயம் இருந்தது. பழைய புரோகிராம் அந்த 20ஐ வெறும் எண்ணாக வாங்கி நிமிஷம் என்று வைத்துக் கொண்டது. புதிய புரோகிராமை எழுதியவர்கள் இன்னும் ஒழுங்காகச் செய்ய நினைத்து அதைக் "கால அளவு" என்ற இனத்தில் சேர்த்திருந்தார்கள். அவர்கள் உபயோகித்த கருவியின் சட்டப்படி, கால அளவுக்கு எதிரே அலகு இல்லாமல் வெறும் எண் இருந்தால் அது மில்லி விநாடி. அதாவது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இருபது நிமிஷச் சலுகை இருபது மில்லி விநாடியாகச் சுருங்கிவிட்டது! மனுஷன் ஒரு தடவை கண் இமைப்பதற்கே அதைப்போல் ஐந்து மடங்குக்குக் குறையாமல் ஆகும். எட்டு மணி அடித்த பிறகு கண் இமைத்தவரெல்லாம் தாமதம்.

ஜாபிதாவில் எழுத்துப் பிழை இல்லை. புரோகிராமில் கணக்குப் பிழை இல்லை. இரண்டும் சந்திக்கிற வாசலில் "இருபது என்ன?" என்று கேட்க ஆள் இல்லை. அவ்வளவுதான்.

நிர்வாகத்தார் நல்லவர்கள். சங்கதி தெரிந்ததும் 41 பேருக்கும் பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் எத்தனையோ இடங்களில் இந்த மாதிரி விஷயம் வெளியே வருவதே இல்லை. வாங்குகிறவர் தம் விதி என்று போய்விடுகிறார்.

*

இந்தக் கருவிக்கு "ஸ்பிரிங் பூட்" என்று பெயர். ராட் ஜான்ஸன் என்ற ஆஸ்திரேலியர் 2002ல் ஜாவா பாஷையில் புரோகிராம் எழுதும் முறை பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதிலிருந்து முளைத்தது "ஸ்பிரிங்" என்னும் சாதனம். அதன் முதல் முழுப் பதிப்பு 2004ல் வந்தது. அதற்கு முன்பிருந்த முறைகள் பனிக்காலம் போல் உறைந்து கிடந்தனவாம். ஆகவே இது வசந்தம்! அதற்குத் தம்பி மாதிரி 2014ல் வந்தது "ஸ்பிரிங் பூட்". இணையத்தில் இயங்கும் புரோகிராம்களை விரைவில் கட்டி எழுப்பும் சாரம் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

ஜாவாவில் 1996லேயே இம்மாதிரி ஜாபிதாவைப் படிக்கிற வசதி இருந்தது. ஆனால் அதில் எல்லாம் எழுத்துத்தான். "20" என்பதும் எழுத்து, "ஆமாம்" என்பதும் எழுத்து. புரோகிராமின் எந்த மூலையில் எவருக்கு என்ன வேண்டுமோ அவரவர் கையை விட்டு எடுத்துக் கொள்வார்கள். வீட்டில் ஆளுக்கு ஆள் மளிகைப் பையில் கையை விட்டால் எப்படி இருக்கும்? ஒருவர் சீரகம் என்று சோம்பை எடுப்பார். இன்னொருவர் பாதி மிளகைத் தரையில் சிந்துவார்.

ஸ்பிரிங் பூட் இதற்கு ஓர் அஞ்சறைப் பெட்டி கொடுத்தது. பெட்டியில் எத்தனை அறை, எந்த அறையில் எந்தச் சரக்கு என்று புரோகிராம் எழுதுகிறவர் முதலிலேயே தீர்மானித்துவிடுகிறார். இந்த அறையில் கால அளவு. இந்த அறையில் முழு எண். இந்த அறையில் ஆம் அல்லது இல்லை. புரோகிராம் கண் விழித்ததும் முதல் காரியமாக, ஜாபிதாவை வாங்கி, பெயரைப் பார்த்து, ஒவ்வொன்றையும் அதனதன் அறையில் கொட்டி மூடி வைக்கிறது. அப்புறம் யாருக்கு எது வேண்டுமானாலும் பெட்டியைத் திறந்து எடுத்தால் போதும். ஜாபிதாவைத் தேடி ஓட வேண்டாம். 2019ல் வந்த 2.2 பதிப்பிலிருந்து, ஒரு தடவை நிரப்பிய பெட்டியில் பிறகு எவரும் கை வைக்க முடியாதபடி பூட்டிவிடவும் வழி செய்திருக்கிறார்கள்.

ஒரே வீட்டில் பல பெட்டிகள் இருக்கலாம் அல்லவா? அதற்காகப் பெயருக்கு முன்னால் ஒரு குடும்பப் பெயர் உண்டு. தமிழ்நாட்டில் புதூர் எத்தனை? வெறுமே "புதூர்" என்று எழுதிக் கடிதம் போட்டால் தபால்காரர் திண்டாடிப் போவார். மாவட்டம், தாலுகா சேர்த்து எழுதினால் ஒழுங்காகப் போய்ச் சேரும். "அட்டெண்டன்ஸ்.கிரேஸ்" என்பதில் "அட்டெண்டன்ஸ்" மாவட்டம், "கிரேஸ்" ஊர்.

*

பெயர் விஷயத்தில் இந்தப் பெட்டி கொஞ்சம் தாராள மனசு படைத்தது. "கிரேஸ் பீரியட்" என்ற பெயரை இங்கிலீஷில் சின்ன எழுத்தில் எழுதினாலும், நடுவில் கோடு போட்டு எழுதினாலும், அடிக்கோட்டால் சேர்த்து எழுதினாலும் ஒன்றுதான் என்று ஏற்றுக் கொள்ளும். திருவள்ளூரை இங்கிலீஷில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள்! ரயில்வேக்காரர் ஒரு விதம், பஸ்காரர் ஒரு விதம், கடைப் பலகையில் இன்னொரு விதம். வைஷ்ணவர்களைக் கேட்டால் அது திருவெவ்வுள் என்பார்கள். இருந்தாலும் வீரராகவப் பெருமாளைச் சேவிக்கப் போகிறவர் வழி தவறுவதில்லை.

ஆனால் தாராளத்துக்கும் எல்லை உண்டு. திருவள்ளூர் என்பதைக் கொஞ்சம் பிசகித் திருவாரூர் என்று எழுதிவிட்டால் தேர் பார்க்கத்தான் போக வேண்டும்! ஜாபிதாவில் பெயரை ஓர் எழுத்துப் பிசகி எழுதினால் இந்தப் பெட்டி என்ன செய்யும் என்கிறீர்கள்? "இந்தப் பெயரில் எனக்கு அறையே இல்லையே!" என்று சொல்ல வேண்டாமா? சொல்லாது. சொல்லும்படி நாம் தனியே உத்தரவு போட்டாலன்றி, அந்த வரியை வாய் பேசாமல் ஒதுக்கிவிட்டு, அறையில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அதையே வைத்துக் கொண்டு வேலையை ஆரம்பித்துவிடும். மௌனம் சம்மதம் என்பார்கள். இங்கே மௌனம் ஆபத்து.

நேரம் எழுதுவதிலும் ஒரு வேடிக்கை. இந்த ஜாபிதாவை "யாம்ல்" என்ற முறையிலும் எழுதலாம். படிக்க அழகாக இருக்கும். அதன் 1.1 விதிகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு: எண்களுக்கு நடுவே முக்காற்புள்ளி இருந்தால் அதை அறுபதின் கணக்காக எடுத்துக் கொள்ளும். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் கேட்கிற மூன்று ஷிப்ட் 06:00, 14:00, 22:00. இப்படியே எழுதினால் 14:00 என்பது பதினாலு அறுபது, அதாவது 840 ஆகிவிடும். 22:00 என்பது 1320 ஆகிவிடும். 06:00 மட்டும் பூஜ்யத்தில் ஆரம்பிப்பதால் தப்பித்துக் கொண்டு, எழுதியபடி இருக்கும்! காலை ஷிப்ட் ஒழுங்காயிருக்க, மாலையும் இரவும் எங்கேயோ போய்விடும். மேற்கோள் குறிக்குள் அடைத்து எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. 2009ல் வந்த 1.2 விதிகளில் இதை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பழைய விதியை அநுசரிக்கும் சாதனங்கள் உலகத்தில் நிறைய இருக்கின்றன.

இன்னொன்று: ஜாபிதா ஒன்றே ஒன்று அல்ல. புரோகிராமோடு சேர்ந்து வருவது ஒன்று. அதற்கு வெளியே தொழிற்சாலையார் வைப்பது ஒன்று. கம்ப்யூட்டரின் சூழலில் எழுதி வைப்பது ஒன்று. ஓட்டி விடும் தருணத்தில் சொல்வது ஒன்று. ஒன்றை ஒன்று முறியடிக்கும். கடைசியில் சொன்னதற்கே அதிகாரம் அதிகம். தலைமை ஆபீஸ் சுற்றறிக்கையைவிட மானேஜர் சொல்வதும், மானேஜரைவிட அந்த நிமிஷம் பக்கத்தில் நிற்கிற மேஸ்திரி சொல்வதும்தானே நடக்கிறது? ஆகவே ஒரு ஜாபிதாவைத் திருத்திவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கக் கூடாது. அதற்கு மேலே வேறொரு ஜாபிதா உட்கார்ந்து கொண்டு பழைய பல்லவியைப் பாடிக் கொண்டிருக்கலாம்.

*

சரி, பரிகாரம் என்ன?

பரிகாரத்துக்கு வெகு தூரம் போக வேண்டாம். சிப்காட்டில் எந்தத் தொழிற்சாலை வாசலிலாவது நின்று பாருங்கள். காவற்காரர் என்ன செய்கிறார்? அடையாள அட்டை எங்கே, ஹெல்மெட் எங்கே, காலில் பாதுகாப்பு ஷூ எங்கே என்று கேட்கிறார். லாரி வந்தால் எடைமேடையில் ஏற்றி நிறுத்துப் பார்க்கிறார். எல்லாம் வாசலில். உருகிய இரும்புக்குப் பக்கத்தில் போன பிறகு, "அப்பா, உன் செருப்பு ரப்பர் செருப்பா?" என்று கேட்டு என்ன பிரயோசனம்?

அஞ்சறைப் பெட்டிக்கும் அப்படி ஒரு காவற்காரரை நிறுத்த முடியும். "சலுகை நேரம் ஒரு நிமிஷத்துக்குக் குறையக் கூடாது, ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது" என்று பெட்டியின் மேலேயே எழுதி வைக்கலாம். "அலகு சொல்லாவிட்டால் நிமிஷம் என்று வைத்துக் கொள்" என்றும் எழுதலாம். தெரியாத பெயர் வந்தால் தடுத்து நிறுத்து என்றும் உத்தரவிடலாம். பிறகு ஏதாவது பொருந்தவில்லை என்றால் புரோகிராம் வேலையை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. "இன்ன பெயருக்கு இன்ன மதிப்பு வந்திருக்கிறது, அது பொருந்தாது, இதைச் சரி செய்யவும்" என்று காரணத்தையும் பரிகாரத்தையும் எழுதிக் காட்டிவிட்டு நின்றுவிடும்.

"நின்றுவிடுமா? வேலை கெட்டுவிடுமே!" என்று சிலர் பதறுகிறார்கள். நான் கேட்கிறேன்: காலை ஏழு மணிக்குப் புரோகிராம் நின்றால் யாருக்கு நஷ்டம்? அதைப் போட்டவர் ஓடி வருவார். பத்து நிமிஷத்தில் சரி செய்வார். அது நிற்காமல் ஒரு மாதம் தப்பாக ஓடினால் நஷ்டம் டைம் ஆபீஸ் ஜன்னலைப் பிடித்துக் கொண்டு நிற்கிறவருக்கு. பிழையின் சிரமம் பிழைக்குக் காரணமானவர் தலையில் விழ வேண்டுமா, ஒன்றும் அறியாதவர் மடியில் விழ வேண்டுமா? விஷயம் முழுவதும் இந்த ஒரு கேள்விதான்.

இதெல்லாம் சின்னத் தொழிற்சாலைச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே எல்லை தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து 2013 நவம்பரில் கிளம்பிய நமது மங்கள்யான் 2014 செப்டம்பரில் செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தது. அதற்குப் பதினைந்து வருஷம் முன்னால், 1999 செப்டம்பரில், அதே செவ்வாய்க்குப் போன அமெரிக்க விண்கலம் ஒன்று அங்கே போய்த் தொலைந்து போயிற்று. காரணம், தரையிலிருந்த ஒரு புரோகிராம் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுக்க, வாங்கிக் கொண்ட புரோகிராம் அதை நியூட்டன் அலகு என்று நினைத்துக் கொண்டது. எண் சரி, அலகு வேறு. வாசலில் கேட்பார் இல்லை.

அதே போல 2012 ஆகஸ்ட் முதல் தேதி நியூயார்க் பங்கு மார்க்கெட்டில் நைட் கேப்பிடல் என்ற கம்பெனி சுமார் 45 நிமிஷத்தில் 40 கோடி டாலருக்கு மேல் இழந்தது. பழைய காரியம் ஒன்றுக்கு வைத்திருந்த அடையாளத்தைப் புதிய காரியத்துக்கு உபயோகித்தார்கள். எட்டுக் கம்ப்யூட்டர்களில் ஒன்றில் மட்டும் புதிய புரோகிராமைப் போட விட்டுப் போயிற்று. அந்த ஒன்று, அடையாளத்தைக் கண்டதும் பழைய காரியத்தையே செய்யத் தொடங்கிவிட்டது. பெயர் அதுவே, பொருள் வேறு. நம் "20" செய்ததும் இதைத்தானே?

*

1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் 61வது பிரிவு என்று ஒன்று இருந்தது. வேலை நேரம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதை எழுதி, தொழிற்சாலையில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டி வைக்க வேண்டும் என்று அது சொல்லிற்று. சட்டம் எழுதியவர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் ஒரு மனுஷனுடைய கூலியைத் தீர்மானிக்கிற எண் அவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

இப்போது அந்த எண் இரண்டு இடத்தில் இருக்கிறது. சுவரில் ஒட்டிய அறிவிப்பில் ஒன்று. ஒருவரும் பார்க்காத ஜாபிதாவில் ஒன்று. சம்பளம் போடுவது சுவர் அல்ல, ஜாபிதா. இரண்டும் ஒன்றுதானா என்று எவராவது ஒத்துப் பார்க்க வேண்டாமா? புரோகிராம் எழுதுகிற இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெட்டி நிரம்பியதும், உள்ளே என்னென்ன வந்து சேர்ந்தது என்பதை அலகோடு ஒரு தடவை உரக்கச் சொல்ல வையுங்கள். ரகசியச் சொல்லை விட்டுவிட்டு மற்றதெல்லாம் திரையில் வரட்டும்: "சலுகை நேரம் 20 நிமிஷம். முதல் ஷிப்ட் காலை 6 மணி." டைம் ஆபீஸ் பெரியவர் கண்ணாடியை மாட்டிக் கொண்டு சுவரையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கட்டும். அவருக்கு ஜாவா தெரிய வேண்டாம். இருபது நிமிஷம் எது, கண் இமைக்கும் நேரம் எது என்று தெரிந்தால் போதும்.

எண் என்பது சின்னக் குழந்தை மாதிரி. அதைத் தனியாக வெளியே அனுப்பாதீர்கள். பெயரையும் அலகையும் துணைக்கு அனுப்புங்கள். வந்து சேருகிற வாசலில் "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்க ஒருவரை நிறுத்துங்கள். அது பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால்தான் பொன்னேரியில் ஒரு வீட்டில் நோட்டுப் புத்தகக் கடன் தீரும்.